பை நல்ல பைதான், உள்பூச்சுதான் உயிரை எடுக்கிறது

என் 35 லிட்டர் முதுகுப் பைக்குப் போன வாரம் ஜிப் ரன்னர், அதாவது ஜிப்பை இழுத்து மூடும் பிடி, மாற்றினேன். பல் எல்லாம் ஒழுங்காக இருந்தும் இழுத்த பிறகு ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால், பெரும்பாலும் ரன்னர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முழு ஜிப்பையும் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. சின்ன வேலை, முடிந்தது. ஆனால் மாற்றிக் கொடுத்தவர் பையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார். "ஜிப்பு சரியாயிடுச்சு. இந்தப் பிசுபிசுப்புக்கு என்கிட்ட வைத்தியம் இல்லீங்க."

எனக்கு ஆத்திரமே அதன் மேல்தான்.

மற்றபடி இந்தப் பையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சூட்கேஸ் மாதிரி மூன்று பக்கமும் திறக்கும். காலியாக ஒரு கிலோகூட வராது. பல விமானங்களில் கேபினுக்குள் ஏழு கிலோதான் அனுமதி; சக்கரம் வைத்த பெட்டி என்றால் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் பெட்டியே தின்றுவிடும். வெப்பமண்டல நாட்டுக்கு நாலைந்து நாள் போக என்ன வேண்டும்? மூன்று செட் துணி, ஒரு செருப்பு, மருந்து, சார்ஜர். கேபின் பையில் ஷாம்பு, லோஷன் எதுவும் 100 மில்லி டப்பாவைத் தாண்டக்கூடாது என்று பல விமான நிலையங்களில் சொல்வதால் நான் சோப்புக் கட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். மழைக்கோட்டு வேண்டவே வேண்டாம், அந்தப் புழுக்கத்தில் வெளியே நனைவதைவிட உள்ளே அதிகம் நனைவீர்கள். குடை போதும்.

துணி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கனமான பருத்தியும் ஜீன்ஸும் அந்த ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் காயாது. மெல்லிய பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சுவதே குறைவு. துவைத்ததை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்துவிட்டு, பால்கனியில் போடாமல் ஏசி அறைக்குள் தொங்கவிடுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடும். காலையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இவ்வளவுக்கும் ஈடுகொடுத்த பைக்கு உள்ளேதான் கோளாறு. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க நைலான் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியிருக்கிறார்கள். அந்த ரகப் பூச்சைக் காற்றிலிருக்கும் ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடும். சூடு சேர்ந்தால் வேகம் கூடும். முதலில் ஒரு புளிச்ச வாடை, அப்புறம் உருகிய வெல்லம் மாதிரி ஒட்டல், கடைசியில் பொருக்குப் பொருக்காக உதிரும். கறுப்புச் சட்டையை வெளியே எடுத்தால் தோள் முழுக்க வெள்ளைத் துகள். பாஸ்போர்ட் உறையிலும் அதே. அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும், பயன்படுத்தித்தான் கெட வேண்டும் என்றில்லை. எல்லாப் பூச்சுக்கும் வயது உண்டு என்பது நியாயம்தான். ஆனால் அட்டையில் தென்னை மரம் படம் போட்டு, 'வெப்பமண்டலப் பயணத்துக்கு' என்று விற்றவர்களுக்கு அங்கே ஈரம் இருக்கும் என்று தெரியாதா?

ஒட்ட ஆரம்பித்த பைக்கு ஒரு வழி இருக்கிறது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊறவைத்து, பிரஷால் தேய்த்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். அப்புறம் பை சுத்தம், ஆனால் மழையைத் தாங்காது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறையை விரித்து அதற்குள் சாமான்களை வைக்க வேண்டியதுதான்.

இதே மாடல் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கட்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வாங்காதே என்றேன். சிலிக்கோன் பூசிய துணியாகப் பார்த்து எடு, அது இப்படி ஈரத்தில் கரையாது, தண்ணீரும் இறங்காது. அப்படியானால் உன் பழசைக் கொடுத்துவிடேன், சோடா போட்டு நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றார். அதைத் தர மாட்டேன். அடுத்த மாதம் போகும்போதும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன்.