புளி போட்ட காசும் போடாத காசும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசையில், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையின் பின்பாதியில் ஒரு பெரியவர் பழங்காசுகளைச் சுத்தம் செய்து, மதிப்பும் பார்த்துச் சொல்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை போய்வந்தேன்.

எங்கள் பழைய தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டு வருடங்கள் ஆகிவிட்டன. மானேஜரிடம் அனுமதி வாங்கி, கள்ளுக்கடை இருந்த மேட்டில் உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஓட்டினேன். மச்சான் கோயில் பக்கம் தேடச் சொன்னான். காசு தவறுகிற இடம் கள்ளுக்கடைதான் என்பது என் கணக்கு. ஒன்பது கிடைத்தன. எட்டு காசுகள், ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் சதுர ஒரு சென்ட். ஒன்று, விக்டோரியா தலை போட்ட 1845 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு.

பொறுக்காமல் 1920 சதுரக் காசு ஒன்றை, அம்மா பூசைச் செம்பு துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. கடையில் அதைத்தான் பெருமையாக முதலில் நீட்டினேன்.

"தம்பி, இதை உண்டியல்ல போடுங்க" என்றார். அடுத்து, "மாவட்ட அலுவலகத்துல சொல்லிட்டீங்களா?" 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது. போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகே மற்றவற்றைத் தொட்டார்.

வழவழப்பான பழுப்பு, கரும்பச்சைப் படலம் காசுக்குச் சட்டை மாதிரி, உரிக்கக் கூடாதாம். பொடியாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். குளோரைடு உள்ளே புகுந்துவிட்டால் ஈரம் படப்பட அரித்துக்கொண்டே போகும். "கடலோரக் காசுக்குத்தானே அண்ணே அது வரும்?" என்றேன். "செம்பனைக்கு என்ன உரம் போடுறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். எம்ஓபி. அதாவது பொட்டாசியம் குளோரைடு. பதினைந்து வருடம் அந்த மூட்டையைத் தூக்கியவன் நான்!

வேலை நிதானம். வாலைவடிநீரில் வாரக்கணக்கில் ஊறல், லென்ஸ் வைத்து மூங்கில் குச்சியால் மண் நீக்கல், உலர்த்தி மெழுகுப் பூச்சு. முடிந்ததை ஈரப்பஞ்சோடு டப்பாவில் மூடிவைத்து, பச்சைப்பொடி மறுபடி பூக்கிறதா என்றும் பார்க்கிறார். ஒன்றுக்குப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கூலி. தேய்ந்த 1941 காசுகள் மூன்றை, "என் கூலி இதோட விலையை மிஞ்சிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மதிப்பீட்டுக்குக் காசு வாங்கவில்லை.

குறையும் உண்டு. மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. ரசீது தரமாட்டார், போனை எடுக்கவே மாட்டார். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் ஆல்பத்தைப் பார்த்து, மெத்துப் பிளாஸ்டிக் செம்பைக் கெடுக்கும் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திட்டியிருக்க வேண்டாம்.

1845 காசில் இப்போது விக்டோரியாவின் காது வரை தெரிகிறது. சதுரக் காசு ஒன்று மட்டும் டப்பாவில் மறுபடி பூத்துவிட்டதால், இன்னும் அவர் தண்ணீரில்தான் கிடக்கிறது.