கூகுள் வேவில் நாங்கள் குடியிருந்த காலம்

பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து பேசவும் எழுதவும் கூகுள் கொண்டுவந்த கூகுள் வேவ் யாருக்காவது நினைவிருக்கிறதா? வேடிக்கை பார்க்கப் போகாமல், அதில் நிஜமாகவே வேலை பார்த்த சொற்பப் பேரில் நானும் ஒருவன்.

2009 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினார்கள். கூகுள் மேப்ஸுக்கு வித்திட்ட ராஸ்முசன் சகோதரர்கள் சிட்னியில் உருவாக்கியது. மின்னஞ்சலை இன்றைக்குக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்த 80 நிமிடக் காணொளியை முழுசாகப் பார்த்தேன். விளக்கவே இவ்வளவு நேரமா என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

செப்டம்பர் 30 அன்று சுமார் 1 லட்சம் பேருக்கு அழைப்பு போனது. எனக்கு ஒரு நண்பர் வழியாக நவம்பரில்தான் கிடைத்தது. உள்ளே போனால் பேச ஆளில்லை. எதிராளியும் வேவில் இருந்தால்தானே பேச்சு!

அப்போது நாங்கள் நான்கு பேர், கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். எந்தச் சொல்லை எந்த மடலில் ஒப்புக்கொண்டோம் என்று தேடுவதே பாதி வேலை. சொல் பட்டியலை வேவுக்கு மாற்றினோம்.

வேவில் நாம் தட்டத் தட்ட எதிரில் இருப்பவருக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். நான் எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில், ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் ஒலிப்பு முறையில் தட்டுவேன். அவர் திரையில் முதலில் 'க்' வரும், அப்புறம் புள்ளி போய் 'கொ' ஆகும். அழிப்பதும் தெரியும். குழுவின் மூத்தவர் செய்த ஒரு மொழிபெயர்ப்புக்குக் கீழே 'இது தப்பு' என்று எழுதிவிட்டு, அவசரமாக அழித்து, 'இப்படியும் சொல்லலாமா ஐயா' என்று மாற்றினேன். "தப்புன்னே சொல்லுங்க தம்பி, பாத்துட்டுதான் இருக்கேன்" என்று பதில் ஓடி வந்தது.

எனக்குப் பிடித்தது, உரையாடலை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி. டவுன்லோடுக்குத் தமிழ் பதிவிறக்கமா, தரவிறக்கமா என்று மூன்று வாரம் சண்டை. ஐயா பதிவிறக்கம் கட்சி. புதிதாகச் சேர்ந்த ஐந்தாமவர் என்ன நடந்தது என்று கேட்டார். ஓட்டிப் பாருங்கள் என்றோம். பார்த்து முடித்தவர் தரவிறக்கத்துக்குப் புது ஆதாரத்தோடு வந்தார். சண்டை மறுபடி முதலிலிருந்து.

ரோபாட், கேட்ஜெட் என்று வேறு சில துணை நிரல்களும் இருந்தன. நாங்கள் தொடவில்லை. அலை, அதாவது வேவில் ஓர் உரையாடல், நீண்டால் உலாவி திணறும் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட குறை. ஆனால் அரட்டையா, மடலா, ஆவணமா என்று ஒரு வரியில் சொல்ல முடியாததுதான் அதைக் கவிழ்த்தது என்பேன். என் அலுவலக நண்பருக்கு நான்கு முறை விளக்கியிருக்கிறேன். "சரி, அதான் ஜிமெயில் இருக்கே" என்பார்.

2010 மே 19 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்றே இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவிப்பு. நிரல், கட்டற்ற மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. அங்கேயும் 2018இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சேர்ந்து எழுதுவது இன்று கூகுள் டாக்ஸில் சர்வசாதாரணம். பேச்சை ஓட்டிப் பார்க்கும் வசதிதான் அப்புறம் நான் பயன்படுத்திய எதிலும் வரவில்லை.

கூகுளின் வேவில் 2012 ஜனவரி 31க்குப் பிறகு படிக்க மட்டும்தான் முடிந்தது. ஏப்ரல் 30 அன்று மூடுவதற்குள் அலைகளை ஒவ்வொன்றாக பிடிஎஃப் ஆக்கி எடுத்துவைத்தேன். ஓட்டிப் பார்க்கும் பொத்தான் அதில் ஏது? கடைசியாகச் சொல் பட்டியலையும் பதிவிறக்கினேன். தரவிறக்கினேன் என்று எழுதினால் ஐயா கோபித்துக்கொள்வார்.