தண்ணீர்க் கணக்கும் மாத்திரைக் கணக்கும்: டயாலிசிஸ் வாழ்க்கை, மாற்றுச் சிறுநீரக வாழ்க்கை

சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸில் இருந்தபோது எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்திய பிறகு, தினமும் மூன்று லிட்டராவது குடிக்கச் சொன்னார்கள். டயாலிசிஸா, மாற்றுச் சிறுநீரகமா, எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போகவர, ஊசி குத்த, முடிந்ததும் ரத்தம் நிற்கும்வரை கையை அழுத்திப் பிடிக்க என்று முழு நாளும் போய்விடும். வீட்டுக்கு வந்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பேன். இளநீர், வாழைப்பழம் கூடாது. கீரையென்றால் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொஞ்சம்.

வயிற்று வழி டயாலிசிஸை நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியே எடுக்கும் முறை இது. இரண்டு லிட்டர் திரவப் பையை ஒரு நாளில் மூன்று, நான்கு முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஊசி இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சற்றுத் தளர்வு. கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும், அதுதான் பயம். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் வந்தால் நோய் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரைக்கு, காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று நேரம் தவறக்கூடாது. மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முதல் சில மாதங்கள் எனக்குக் கை நடுங்கியது, ஸ்டீராய்டால் முகம் ஊதியது. சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயே வந்துவிடும். பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் தொடுவதில்லை. ஒரு நாள் காய்ச்சலுக்குக்கூட மருத்துவரிடம் ஓட வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்குவதும், யாரோ சொன்ன நாட்டு மருந்தும் கூடவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் நான் மாற்றுச் சிறுநீரகத்தின் பக்கம்தான். ரத்தம் ஊற வேண்டிய ஹார்மோனைப் புதுச் சிறுநீரகமே சுரப்பதால் சோகை போனது. ராத்திரி முழுக்கச் சொறிந்த அரிப்பு நின்றது. சோறு ருசித்தது. பெண்களுக்கு நின்றுபோன மாதவிடாய் திரும்புவதுண்டு. ஆனால் குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது ஓராண்டு பொறுத்து, கருவைப் பாதிக்கக்கூடிய மைக்கோஃபெனலேட் மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்த பிறகுதான்.

தமிழ்நாட்டில் இரண்டு சிகிச்சைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆனால் மாத்திரையை நிறுத்தவே முடியாது என்பதால், காப்பீடு எதுவரை தாங்கும், அப்புறம் மாதம் எவ்வளவு ஆகும் என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உறவினர் கொடுக்கும் சிறுநீரகம் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வருவது 10 முதல் 15 என்பார்கள். வீட்டில் கொடுக்க ஆளில்லையென்றால் அரசு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து காத்திருக்கலாம். 2008-இல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் அவனது உறுப்புகளைக் கொடுத்தபோதுதான் அந்த வழி ஊருக்கெல்லாம் தெரிந்தது. இதயம் மிகவும் தளர்ந்த முதியவருக்கு அறுவையைவிட டயாலிசிஸே சரியாக இருக்கலாம். அதைத் தோல்வியாக யாரும் நினைக்க வேண்டாம்.

கொடுப்பவரின் கணக்கும் இதில் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அம்மாவுக்கும் ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்கிறோம். அந்த முடிவைத்தான் நான் முதலில் பிரிப்பேன், என்னுடையது அப்புறம்.