‘நேராகப் பூசலாம்’ என்று விற்கும் நுண்துளைக் குழாய்கள்: ஏமாந்துவிடாதீர்கள்

ஆய்வுக்கூடப் பொருள்களை இணையவழி விற்கும் ஒரு தளத்தில் எங்கள் திட்டத்தின் பொருள் நிதியில் பாதி போய்விட்டது. பாதி! ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஹைட்ரஜனைப் பிரிக்கும் பல்லேடியம் (விலையுயர்ந்த ஓர் உலோகம்) சவ்வை மேலே பூசுவதற்குத் தாங்கியாக நுண்துளை எஃகுக் குழாய்கள் கேட்டோம். “மேற்பரப்பைத் தேய்த்து, தடுப்பாக ஆக்சைடு படலமும் ஏற்றியாயிற்று. பிரித்ததும் பூச்சுத் தொட்டியில் இறக்கலாம்” என்றார் விற்பனையாளர். கேட்காமலேயே நுண்ணோக்கிப் படம் ஒன்றும் அனுப்பினார். சீரான சிறு துளைகள், ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் படத்தை நம்பித்தான் முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டினோம். அதே படம் அவர்கள் தளத்தில் வேறு அளவுக் குழாய்க்கும் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

வந்த குழாய்கள் புதுப் பாத்திரம்போல் மின்னின. காற்றில் சுட்டு ஆக்சைடு ஏற்றிய எஃகு நிறம் மாறி மங்கியிருக்க வேண்டாமா? “மிக மெல்லிய படலம், கண்ணுக்குத் தெரியாது” என்றார்கள். அந்தப் படலம் இல்லையென்றால் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எஃகின் இரும்பும் குரோமியமும் பல்லேடியத்துக்குள் ஊடுருவிச் சவ்வைக் கெடுத்துவிடும். விற்பவருக்கு இதை நான் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

ஒரு குழாயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அமிழ்த்தி நைட்ரஜன் செலுத்தினோம். பற்றவைத்த (வெல்டிங்) ஓரத்தில் குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பின. நடுப்பகுதியில் மூச்சே இல்லை. வெட்டிப் பார்த்தால், முரட்டுத்தனமாகத் தேய்த்ததில் உலோகம் இழுபட்டுத் துளைவாய்களை மூடியிருக்கிறது. மிஞ்சிய துளைகளில் மெருகுப் பசை அடைந்து கிடக்கிறது. ஓரத்துத் துளைகளோ பல மைக்ரான் அகலம். மிகப் பெரிய துளையின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனுக்குப் பூசினால்தான் அது அடைபடும். அவ்வளவு பல்லேடியத்துக்கு எங்கே போவது? பாதி நிதிதான் இவர்களிடம் இருக்கிறதே!

புகார் செய்தால், “உங்கள் பூச்சுக் கரைசலில் கோளாறு” என்றார்கள். இன்னும் பூசவே இல்லை என்றதும், “தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்”. பிறகு, “வெட்டிய பொருளைத் திரும்பப் பெற இயலாது”. வெட்டாதவற்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், “ஒரே தொகுப்பு, பிரிக்க முடியாது”. வெட்டாமல் குறையை நிரூபிக்க முடியாது, வெட்டினால் பணம் வராது. நல்ல ஏற்பாடு! இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை.

சோதித்து வாங்கும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. இத்தகைய குழாய்களுக்குப் போடும் 0.2 மைக்ரான் என்பது வடிகட்டும் தரம், மேற்பரப்புத் துளையின் அளவு அல்ல. தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வாயு ஓட்ட அளவைக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். பூசுவதற்கு முன் குமிழிச் சோதனை கட்டாயம். வெட்டிப் பார்க்க ஒரு துண்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள்.