சணல் முதுகுக் காபட்: நுவரெலியாவில் நான்கு வருடம்

பண்டாரவளையில் வீடு கட்டி முடித்திருக்கும் தங்கச்சி போன வாரம் போன் எடுத்து, "அண்ணே, நீங்க வாங்கின காபட்டையே ஹோலுக்கு வாங்கவா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் நானும் மகனும் எங்கள் காபட்டைத் தூக்கி வெளிச்சுவரில் காயப்போட்டிருந்தோம். கையிலிருந்து பூஞ்சண வாடை போகவில்லை. அந்தக் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

2022 ஜனவரியில், ரூபா சரிவதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது. எட்டுக்குப் பத்தடி, கருஞ்சிவப்பு, குட்டை நூல். எங்கள் ஊரில் அந்த மாதத்து விடியலில் சில நாள் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். சிவப்புச் சீமெந்துத் தரையில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரை ஏறும். அம்மாவுக்கு அது முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முழங்கால். காபட் விரித்த மறுநாள் காலை, சாயத்தண்ணிக் கோப்பையோடு கதிரையை விட்டு இறங்கி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்தார். "இப்பதான்டா காலு என் காலு மாதிரி இருக்கு" என்றார். இன்றுவரை அதுதான் அவருடைய இடம். அந்த இடத்தில் நூல் படுத்திருக்கிறது, ஆனால் உதிரவில்லை. குட்டை நூல் என்பதால் சேறு காய்ந்ததும் ஈக்குமாற்றால் தட்டினாலே வந்துவிடும். இதற்கெல்லாம் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த முதுகு!

கடையில் நாங்கள் மேலே மட்டும்தான் தடவிப் பார்த்தோம். பொலிப்ரொப்பிலீன், ஈரம் பிடிக்காது என்றார்கள். அது உண்மைதான், அந்த நூல் தண்ணீரை உறிஞ்சாது. பின்பக்கம் சணல் என்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் புரட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீடு பழையது. தரைக்கு அடியில் பொலித்தீன் விரிக்காமல் சீமெந்து போட்டிருக்கிறார்கள். மண்ணின் ஈரம் சீமெந்து வழியாக மேலே ஏறும். வெறும் தரையென்றால் அது காற்றோடு போய்விடும். மேலே காபட் கிடந்தால் சணல் குடித்துக்கொள்ளும். முதல் வருட ஜூன் மழையில் ஒரு மூலையைத் தூக்கினேன். சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், தரையில் சணலிலிருந்து இறங்கிய பழுப்புக் கறை. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அன்று முதல் வாரம் ஒரு முறை தூக்குகிறோம். இரண்டு ஆள் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வெயில் எங்கே? ஒரு தடவை கழுவிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் அம்மா கதிரையில் காலை மடக்கிக்கொண்டு இருந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, தங்கச்சிக்கு. முதலில் காபட்டைப் பார்க்காதே, தரையைப் பார். ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் துண்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. அடியில் நீர்த்துளி நின்றால் சணல் முதுகு வேண்டவே வேண்டாம். றப்பர் முதுகு உக்காது, ஆனால் ஈரத்தை அடியிலேயே பூட்டி வைக்கும், அதுவும் வேண்டாம். சுவருக்குச் சுவர் ஒட்டும் வேலையை நினைக்கவே கூடாது, தூக்க முடியாததை எப்படிக் காய வைப்பாய்? கம்பளி நல்லதுதான், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. ஆனால் காயவும் நாள் எடுக்கும், அந்து வேறு அரிக்கும். சின்னவனுக்கு இழுப்பு இருக்கிறதல்லவா, அவன் படுக்கும் அறையில் எந்தக் காபட்டும் போடாதே. ஈரமும் தூசும் சேர்ந்தால் தூசுப்பூச்சி பெருகும்.

முதுகும் செயற்கை நூலிலேயே நெய்தது, நாலுக்கு ஆறடி, நீ ஒருத்தியே சுருட்டித் தூக்கக்கூடியது. அதைத் தேடு. எங்களுடையதை வாங்காதே. நான்கு வருடம் அம்மாவின் காலைக் காப்பாற்றியது என்று தெரிந்துதான் சொல்கிறேன், வாங்காதே.

எங்கள் வீட்டில் அது இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. காலையிலிருந்து அம்மா மூன்று முறை வாசலுக்கு வந்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.