பழைய எஃப்-150 பிக்கப்பை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றும் உதிரிபாகத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

1993ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150, பின்சக்கர இயக்கம், 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதன் பின்னால் இ4ஓடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எஞ்சின் நன்றாக இருந்து கியர்பாக்ஸ் மட்டும் ஓய்ந்துபோன நிலையில், அதைப் பிரித்துப் புதுப்பிப்பதைவிட ஐந்து கியர் மேனுவலுக்கு மாற்றிவிடுவதே மேல் என்று முடிவு செய்து, பழைய பிக்கப்புகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் ஒருவரிடமிருந்து முழுத் தொகுப்பாக வாங்கினேன். கியர்பாக்ஸ், ஃபிளைவீல் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனச்சக்கரம்), கிளட்ச் உறுப்புகள், பெடல் தொகுதி, கிராஸ் மெம்பர் (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு), வயரிங், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகிய அனைத்தும் அதே எஞ்சினும் அதே சக்கர இடைவெளியும் கொண்ட ஒரே மேனுவல் வண்டியிலிருந்து கழற்றப்பட்டவை என்பதுதான் இந்தத் தொகுப்பின் முதல் சிறப்பு. கியர்பாக்ஸ் கிடைத்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குபவர்களின் வண்டிதான் மாதக்கணக்கில் ஜாக்கி மேல் நிற்கிறது.

வந்திருந்த கியர்பாக்ஸ் எம்5ஓடி-ஆர்2. மஸ்டா நிறுவனம் தயாரித்து 1988 முதல் எஃப்-150 வண்டிகளில் வந்த இதன் உறை அலுமினியத்தால் ஆனது. எஞ்சினோடு இணையும் முன்பகுதியான பெல் ஹவுசிங்கும் அந்த உறையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருப்பதால் வேறு எஞ்சினுக்கு ஏற்பத் தனியாக மாற்றிப் பொருத்த வழியில்லை. முதல் கியர் விகிதம் 3.90, ஐந்தாவது 0.80, கழற்றப்பட்ட இ4ஓடியில் இவை முறையே 2.71, 0.71. எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் சுற்றும் கூடும். இந்த 4.9 லிட்டர் எஞ்சின் தன் உச்ச இழுவிசையை நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே தந்துவிடும் என்பதால், பாரத்தோடு புறப்படும்போது எஞ்சினை முறுக்காமலேயே வண்டி நகர்ந்துவிடுகிறது. ஆனால் டாப் கியரில் இதற்கு ஒரு விலை உண்டு. பின் ஆக்சில் விகிதத்தை மாற்றாவிட்டால், முன்பு 2,000 சுற்றில் ஓடிய அதே வேகத்தில் இப்போது எஞ்சின் ஏறக்குறைய 2,250 சுற்றில் ஓடும். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கியர்பாக்ஸுக்கு ஊரறிந்த குறை ஒன்று உண்டு. மேல்மூடியின் பின்புறத்தில், கியர் மாற்றும் தண்டுகளின் துளைகளை அடைத்திருக்கும் ரப்பர் மூடிகள் நாளடைவில் இறுகிச் சுருங்க, அவற்றின் வழியே எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிவு மேலிருந்து தொடங்குவதால் தரையில் சொட்டுவதற்கு முன்பே உறையின் பின்பகுதி முழுவதும் நனைந்து தூசி படிந்து கறுத்திருக்கும். எனக்கு வந்த கியர்பாக்ஸிலும் அந்தக் கறுப்புத் தடம் தெளிவாகத் தெரிந்தது. ரப்பர் மூடிகளை எடுத்துவிட்டு அதே அளவுள்ள உலோக மூடிகளை அடிப்பதுதான் நிலையான தீர்வு, அதையும் கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இதற்குள் ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில் அல்ல, மெர்கான் வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவம், ஏறத்தாழ 3.6 லிட்டர். விற்பவர் இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உறையின் மேல் கட்டி அனுப்பியிருந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஃபிளைவீல் தேய்த்துச் சமன் செய்யப்பட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வந்தது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரைத் தாங்கிய ஃபிளெக்ஸ்பிளேட் மெல்லிய தகடு. ஃபிளைவீலோ தடித்த வார்ப்பு. எனவே பழைய போல்ட்டுகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தொகுப்பில் உரிய போல்ட்டுகள் இருந்தன. 75 முதல் 85 பவுண்டு-அடி வரை முறுக்கி இறுக்கினால் போதும். கிராங்க் ஷாஃப்ட்டின் நடுத்துளையில் அடிக்க வேண்டிய பைலட் பேரிங்கும் (கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்குவது) புதிதாக இருந்தது. இதே மாற்றத்தை 5.0 லிட்டர் வி8 எஞ்சினில் செய்பவர்கள், 50 அவுன்ஸ் எதிர்சமநிலை (எஞ்சினின் சுழற்சியைச் சமப்படுத்த ஒரு பக்கம் வைக்கப்படும் எடை) கொண்ட ஃபிளைவீலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 5.8 லிட்டருக்கு உரிய 28 அவுன்ஸ் ஃபிளைவீல் அதில் பொருந்திவிடும், ஆனால் எஞ்சின் நடுக்கம் வண்டியை உலுக்கிவிடும்.

உண்மையில் இந்த மாற்றத்தின் பாடெல்லாம் பெடலிலும் கிளட்ச்சின் ஹைட்ராலிக் அமைப்பிலும்தான் இருக்கிறது. பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே சட்டத்தில் தொங்குவதால் ஸ்டியரிங் தண்டைக் கீழே இறக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத்தான் அதைப் பொருத்த முடியும். பெடல் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்திருந்தால் பெடல் முழுவதும் அமுங்கினாலும் பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு முழு நகர்வு போய்ச் சேராது. கிளட்ச் பாதி விடுபட, ரிவர்ஸ் கியர் கறகறவென்று கத்தும். இந்தத் தொகுப்பில் புஷ்கள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. ஆனால் ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு, வலுவூட்டும் தகடு இல்லை. இந்தத் தலைமுறை ஃபோர்டு பிக்கப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் பொருந்தும் இடத்தில் ஃபயர்வால் வளைந்து, நாளடைவில் விரிசல் விடுவது பலரும் அறிந்த செய்தி. பெடலை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் எஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஃபயர்வால் உள்ளும் புறமும் அசைவது கண்ணுக்கே தெரியும். முழுத் தொகுப்பு என்று பெயர் வைத்து விற்பவர் வலுவூட்டும் தகட்டைத் தராதது குறைதான்.

அதைவிடப் பெரிய குறை, திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். எம்5ஓடியில் அது பெல் ஹவுசிங்குக்குள், இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. அது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடியும் முழுவதுமாக இறக்க வேண்டும். அப்படிப்பட்ட உறுப்பைப் பழையதாக, துடைத்து மட்டும் அனுப்பியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதை ஒதுக்கிவிட்டுப் புதியதையே மாட்டினேன். காற்று நீக்குவதிலும் பொறுமை தேவை. மாஸ்டர் சிலிண்டர் சாய்ந்து நிற்பதால் அதன் மேல்முனையில் காற்றுக்குமிழி தங்கிவிடுகிறது. வண்டியில் பொருத்துவதற்கு முன்பே அதைக் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றினால் பெடல் முதல் மிதியிலேயே உறுதியாக நிற்கும்.

கம்ப்யூட்டரும் வயரிங்கும் வந்திருந்ததற்காகவே இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைப்பேன். இ4ஓடியைக் கட்டுப்படுத்துவது எஞ்சினின் இஇசி-4 கம்ப்யூட்டர். அந்தக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் அதிலிருந்த சோலினாய்டுகளை (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்) தேடிக்கொண்டு பிழைக் குறிகளைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். மேனுவல் வண்டியின் கம்ப்யூட்டரை மாட்டியதும் அந்தத் தொல்லை இல்லை. ஆட்டோமேட்டிக்கில் பார்க், நியூட்ரல் நிலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் வேலையையும் ரிவர்ஸ் விளக்கை எரியவைக்கும் வேலையையும் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த உணரியே செய்துவந்தது. இப்போது முதல் வேலை கிளட்ச் பெடல் சுவிட்சுக்கும், இரண்டாவது மேனுவல் கியர்பாக்ஸின் ரிவர்ஸ் சுவிட்சுக்கும் போக வேண்டும். கிளட்ச் சுவிட்சுக்குப் போக வேண்டிய ஸ்டார்ட் வயர்கள் இரண்டையும் முறுக்கி ஒட்டிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும் என்று சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கியரில் நிற்கும் வண்டி, சாவியைத் திருப்பிய நொடியில் முன்னே பாயும். எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. அதேபோல் இனி பார்க் என்ற நிலையே கிடையாது என்பதால், இதுவரை யாரும் சீண்டாமல் துருப்பிடித்துக் கிடந்த பார்க்கிங் பிரேக்கின் கேபிள்களை இந்த வேலையோடு சேர்த்தே சரிசெய்துவிட வேண்டும்.

மற்றவை எளிதாக முடிந்தன. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் ஸ்ப்ளைனும் (கியர்பாக்ஸோடு இணையும் பல்வரிசை) சரியாக இருந்தன, கிராஸ் மெம்பர் சட்டத்தில் பொருந்தியது, ரேடியேட்டருக்குப் போன பழைய குளிர்விப்புக் குழாய்களை எடுத்து அடைத்துவிட்டேன். 1992 முதல் இந்த வண்டிகளில் வேகமானிக்கான உணரி பின் ஆக்சிலில் இருப்பதால் ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டியதே இல்லை. மீட்டரில் பழைய கியர் குறியீட்டுப் பட்டை அப்படியே நிற்கிறது. அது கண்ணுக்கு உறுத்தல், ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை.

ஓட்டிப் பார்த்ததில் கியர் லீவரின் நகர்வு நீளம் என்றாலும் ஒவ்வொரு கியரும் தயங்காமல் விழுகிறது. மேட்டில் எந்தக் கியரில் ஏறுவது என்பது ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கும் மிதமான பாரத்துக்கும் இது போதும். கனமான டிரெய்லரை நாள்தோறும் இழுப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் எஃப்-250 போன்ற கனரகப் பிக்கப்புகளில் வந்த, முதல் கியர் 5.72 விகிதம் கொண்ட இசட்எஃப் எஸ்5-42 கியர்பாக்ஸைத் தேட வேண்டும். மற்றவர்கள் இந்தத் தொகுப்பை வாங்கலாம். புதிய ஸ்லேவ் சிலிண்டரையும் ஃபயர்வால் தகட்டையும் தனியாக வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பழைய கியர்பாக்ஸின் முதல் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.