முருங்கை விதை, தேற்றான்கொட்டை, சிரட்டைக்கரி: துணி அலசிய நீரில் எது எடுபடும்?

வீட்டுக் கழிவுநீரை முருங்கை விதை சுத்தமாக்கிவிடும் என்று காணொளிகளில் சொல்வது பாதிதான் உண்மை. கலங்கல் படியும், சோப்பும் கிருமியும் முழுசாகப் போகாது. ஆகவே இங்கே பார்ப்பது ஒரே ஒரு வேலையைத்தான்: துணியை முதல் தடவை அலசிய 10 லிட்டர் நீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றும் அளவுக்குத் தெளியவைப்பது. குடிக்க அல்ல, கீரைத் தொட்டிக்கும் அல்ல.

முருங்கை விதையைச் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குழம்புக்கு வாங்கும் காயின் இளவிதை உதவாது; மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றின் விதை வேண்டும். தோலோடு வாங்கி அன்றன்றைக்கு உடைப்பது நல்லது. பருப்பு வெள்ளையாக இருக்க வேண்டும்; பழுப்பேறிச் சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். அரைத்த பொடி வசதிதான், ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் கட்டிதட்டி வீரியம் போய்விடும். விதைப்புக்கென்று சாயமேற்றி விற்பதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

10 லிட்டருக்குப் பத்துப் பருப்பு, ஏறக்குறைய 2 கிராம். நுணுக்கி, ஒரு கோப்பை நீரில் ஐந்து நிமிடம் குலுக்கி, துணியில் வடிகட்டி, அந்தப் பால் நிற நீரை மட்டும் வாளியில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டு, பத்து நிமிடம் கரண்டியை மெல்லச் சுற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். விதையின் புரதத்துக்கு நேர்மின்னேற்றம், அழுக்குத் துகளுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டித் திரளும். வேகம் குறையாவிட்டால் திரண்டது மறுபடி உடையும். பஞ்சுத் துணுக்குபோல மிதக்கத் தொடங்கியதும் நிறுத்தி, மூடிவைத்து 2 மணி நேரம் கழித்து மேல்நீரை மட்டும் சாய்த்து எடுங்கள்.

அலசுவதற்கு முன் வரும், சோப்பு நுரை பொங்கும் துவைப்பு நீரில் இது தோற்றுப்போகும். புரதத்தைச் சோப்பே பிடித்துக்கொள்வதால் விதை எவ்வளவு போட்டாலும் போதாது. கடைசி அலசல் நீரிலோ திரளுவதற்கு அழுக்கே இருக்காது. உப்பு சேர்த்தால் விதையிலிருந்து புரதம் கூடுதலாக இறங்கும் என்பது சரிதான், ஆனால் அந்த உப்பு தொட்டி மண்ணிலேயே தங்கிவிடும்.

நீரைத் தெளியவைக்கும் இன்னொரு விதையான தேற்றான்கொட்டை கல் மாதிரி இருக்கும், மிக்ஸிக்குப் பகை. கல்லில் உரைத்து விழுதெடுக்க வேண்டும். மண் கலங்கிய ஒரு குடம் நீருக்குச் சரி, வாளி வாளியாகச் செய்யக் கை ஒத்துழைக்காது.

தெளிந்த நீரைச் சிரட்டைக்கரி வழியாக விட்டால் நாற்றம் குறையும். மீன்தொட்டிக் கடையில் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளை பெருக்கிய கரி) என்று கேளுங்கள். சுட்டுத் தின்ன வாங்கும் அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது. அடியில் துளையிட்ட வாளியில் கூழாங்கல், மேலே கழுவிய மணல் ஒரு சாண், அதற்குமேல் கரி. கரித்தூளைப் பலமுறை அலசாவிட்டால் முதலில் வருவது கறுப்புத் தண்ணீர்தான். தென்னை நாரை மேலே வைப்பதானால் ஊறவைத்துச் சாயம் வடிந்தபின் வையுங்கள், அதுவும் சீக்கிரமே மக்கும்.

பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர் 1000 லிட்டருக்கு 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. 10 லிட்டரின் விலை மூன்று காசு சொச்சம். விதையே அதைவிடக் கூட ஆகலாம். வடிகுழாயில் போகும் நீரும் இங்கே வீணாவதில்லை, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. தோட்டத்தில் சொந்த முருங்கை மரம் உள்ளவர்களுக்கே இது கட்டுப்படியாகும்.

தெளிந்த நீரில் விதையின் சத்து கரைந்திருப்பதால் மறுநாளே நாறும். அன்றைக்கே ஊற்றித் தீர்த்துவிடுங்கள். மூடாத வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அபராதமும் வந்து சேரும். அரிசி களைந்த நீருக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், நேராகவே ஊற்றலாம்.